அவிழ்த்துக் கட்டிய வத்தை

(தஞ்சை மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில், நூலக வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர்கள் தலைப்பு என்ன என்று கேட்டார்கள். "கொல்லையில் ஒரு படகு" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், தனிம அட்டவணை பற்றிக்கூடப் பேசலாம்" என்று பதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். 31 வருஷம் அதைத்தான் பேசினேன். அதைக் கேட்டவர்கள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இன்றைக்கு விட்டுவிடுவோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. தென்னை சாய்ந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூடத்தில் தோப்பைப் பறிகொடுத்தவர்களே பாதிப் பேர் இருப்பீர்கள். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் விசைப்படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக் கிடந்ததையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒரு பழைய வத்தை, அலைக்கரையிலிருந்து நூறடி உள்ளே, ஒரு பூவரச மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. நாலு வருஷம் அப்படியே கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு காலை நடைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். ஆடு அதன் நிழலில் படுத்திருக்கும்.

ஒருநாள் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். அவர் ஃபைபர் படகுக்கு மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. "எடுத்துக்கிட்டுப் போங்க சார், வெறகு வெல குடுத்தாப் போதும்" என்றார். விறகு விலை கொடுத்தேன். டிராக்டர் வாடகை அதைவிடக் கூடுதலாக ஆனது. கொல்லை மதிலை ஒரு பக்கம் இடிக்க வேண்டியிருந்தது. அதையும் கணக்கில் சேர்த்தால் விறகு கொஞ்சம் விலையுயர்ந்த விறகுதான். என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல ஏறி எங்க போகப் போறீங்க?" எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் 7 கிலோமீட்டர். நியாயமான கேள்வி. இன்றுவரை என்னிடம் நேரான பதில் இல்லை.

வத்தை என்றால் என்னவென்று இளைஞர்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் பாக் விரிகுடாவில் ஆழம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டும் இடம் குறைவு. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்தே போகலாம், அடியில் சேறு. இந்தக் கடலுக்கென்று அமைந்த பலகைப் படகு வத்தை. ஒல்லியாக, நீளமாக, தண்ணீரில் அதிகம் அமிழாமல் போகும். என் படகு 22 அடி நீளம், வயிற்றுப் பக்கம் நாலரை அடி அகலம். அந்தக் காலத்து வத்தைகள் இதைவிடப் பெரியவை, மூன்று பாய்மரம் வைத்தவைகூட உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைக் கரைப் படகுகள் அவர் கண்ணையும் இழுத்திருக்கின்றன. படகுக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகை. காற்று ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது ஆள் மறுபக்கத்துப் பலகை நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து சமன்செய்வான். தராசுத் தட்டில் எடைக்கல்லாக மனிதன்! ஒரு கையில் கயிறு, கீழே கடல், உட்கார ஒரு சாண் பலகை. என் படகில் அந்தப் பலகை இல்லை. ஆனால் அது கட்டியிருந்த இடத்தில் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. முதல் நாள் அதைத்தான் தடவிப் பார்த்தேன்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். இந்த உரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

படகைக் கொண்டுவந்து, நிமிர்த்தி, செங்கல் அடுக்கி உட்கார வைத்தேன். நாலு வருஷ மழையில் நனைந்த மரம், நன்றாகக் காயட்டும் என்று சித்திரை வெயிலில் விட்டேன். ஒரு மாதத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வாய் பிளந்துவிட்டது. பத்து ரூபாய் நாணயத்தை நிறுத்தி உள்ளே தள்ளினால் அந்தப் பக்கம் விழும். பக்கத்து வீட்டுப் பையன்கள் அதையே விளையாட்டாக வைத்துக்கொண்டார்கள். நான் பதறிப்போய், மரச்சாமான் வேலைக்கு வைக்கும் மக்கை டப்பா டப்பாவாக வாங்கி, இரண்டு பங்கு அழுத்தமாக, எல்லாப் பொருத்திலும் அடைத்தேன். பதினோரு நாள் வேலை. காய்ந்ததும் கல்லாக இறுகியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. வருவோர் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம்தான் ஓடாவியைக் கூப்பிடப் போனேன். படகு கட்டும் தச்சரை நம் கரையில் ஓடாவி என்போம். எழுபதைத் தாண்டியவர். கண்ணில் ஒன்று மங்கல். வேலை குறைந்து பேரன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் டிவிஎஸ் ஐம்பதின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். படகை ஒரு சுற்று சுற்றினார். விரல் மடக்கிப் பொருத்தில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "என்னா சார் வச்சிருக்கீங்க?" என்றார்.

"மக்கு" என்றேன்.

"அது தெரியுது" என்றார்.

அவர் என்னைத்தான் சொன்னாரா, படகைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தமிழ் அப்படிப்பட்ட மொழி. பூசுவதும் மக்கு, பூசுகிறவனும் மக்கு, பூசிய மரம் அப்புறம் மக்கிப்போகும்.

விஷயம் இதுதான். காய்ந்த மரம் தண்ணீரைக் கண்டால் குடிக்கும், குடித்தால் ஊதும். நீளவாக்கில் அநேகமாக நீளாது, குறுக்கேதான் ஊதும். பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் இப்படி ஊதி ஒன்றையொன்று நெருக்கும்போதுதான் படகு அடைபடுகிறது. அந்த நெருக்கத்துக்கு விட்டுக்கொடுக்கும் பொருள்தான் பொருத்தில் இருக்க வேண்டும்: பஞ்சுத் திரி, குங்கிலியம், எண்ணெய். நான் கல்லை வைத்திருந்தேன். பலகை ஊதும், நகர இடமிருக்காது, ஆணியைப் பிடுங்கும் அல்லது வங்கை முறிக்கும். வங்கு என்பது படகின் விலா எலும்பு. பார்க்க அழகாக, அசையாமல், ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, தண்ணீரில் இறக்கிய ஒரு வாரத்தில் படகின் விலாவை உடைத்திருக்கும்.

பதினோரு நாளில் வைத்ததைச் சுரண்டி எடுக்க ஏழு வாரம் ஆனது. பழைய அரத்தின் வாலைச் சூடுகாட்டிக் கொக்கிபோல வளைத்து ஓடாவியே ஒரு கருவி செய்து கொடுத்தார். கூலி வாங்கவில்லை. "இத நீங்களே எடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். முன்னாள் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அந்தத் தண்டனையின் நுட்பம் புரிந்தது.

அந்த ஏழு வாரத்தில் யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. நம் கரையில் படகு என்பது அவிழ்ப்பதற்கென்றே செய்த பொருளாகத்தான் வெகுகாலம் இருந்திருக்கிறது. கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் கிடத்திக் காயவைப்பார்கள். லேசான மரம், தண்ணீர் குடித்தால் கனத்துவிடும். மறுநாள் திரும்பக் கட்டு. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றில் ஆணியும் இல்லை, வங்கும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அந்தக் கரையின் அலை அடிக்கிற அடியில் ஆணி அடித்த கப்பல் படகுகள் சிதறும்; தைத்த படகு பாய்போல நெளிந்து கொடுத்துக் கரையேறும். கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள். 'பழுதுபார்ப்பு' என்று தனியாக ஒரு வேலை அங்கே கிடையாது. கட்டுவதும் பிரிப்பதும் ஒரே தொழிலின் இரண்டு கை. கட்டுமரம் இங்கிலீஷுக்குப் போய் வேறு உருவம் எடுத்த கதை உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

என் வத்தை தைத்ததல்ல, ஆணி அடித்தது. இங்கேதான் என் வேதியியலுக்குக் கொஞ்சம் வேலை வந்தது. பலகையில் ஆணித்தலையைச் சுற்றி நாலணா அகலத்துக்குக் கறுத்திருக்கும். அந்த இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினால் ஊறிய பேரீச்சம்பழத்தில் இறங்குகிற மாதிரி இறங்கும். மற்ற இடமெல்லாம் மரம் கெட்டி. ஆணியைச் சுற்றி மட்டும் ஏன் இந்தக் கேடு? உப்பு ஈரம் ஏறிய மரத்தில் புதைந்திருக்கும் இரும்பு ஆணி ஒரு குட்டி மின்கலம். ஒரு பகுதியில் இரும்பு கரைகிறது, இன்னொரு பகுதியில் காரம் உண்டாகிறது. காகித ஆலையில் மரத்தைக் கூழாக்கப் போடுவதும் காரம்தான். ஆக, ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் ஒரு காகித ஆலை இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! குத்தூசி உள்ளே இறங்கியபோதுதான் புரிந்தது.

புரிந்தும் இன்னொரு தப்புச் செய்தேன். துருப்பிடிக்காதே என்று பித்தளைத் திருகாணி வாங்கிவந்தேன். அதில் 14 திருகாணிகளை ஓடாவி இல்லாத நேரம் பார்த்து முடுக்கினேன். அவர் வந்து ஒன்றும் சொல்லாமல், தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய பித்தளைத் திருகாணியை எடுத்து, குறட்டால் பிடித்துச் சொடுக்கினார். சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒடிந்தது. உள்ளே நிறம் இளஞ்சிவப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். உப்புத் தண்ணீரில் துத்தநாகம் மெல்லமெல்ல வெளியேறி, வெறும் செம்புப் பஞ்சு மிஞ்சுகிறது. வெளியே பார்த்தால் ஆணி இருக்கும், பிடிப்பு இருக்காது. கடைசியில் செம்பு ஆணிதான் போட்டோம், உள்பக்கம் வளையம் வைத்து நுனியைத் தட்டி மடக்கி. விலையைச் சொன்னால் என் மனைவிக்கும் தெரிந்துவிடும், முன்வரிசையில் இருக்கிறார். ஒரே ஓர் எச்சரிக்கை: செம்பையும் இரும்பையும் ஒரே பொருத்தில் கலக்காதீர்கள். செம்பு பிழைக்கும், இரும்பு அழியும்.

எந்த இடம் கெட்டிருக்கும் என்று நான் நினைத்ததும் தப்பாகத்தான் போனது. கடல் தண்ணீரில் கிடந்த அடிப்பாகம் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். ஏரா, அதாவது அடிக்கட்டை, இரும்பாக இருந்தது. கவிழ்ந்து கிடந்தபோது மண்ணைத் தொட்ட மேல்விளிம்பும், அணியத்து, அதாவது முன்பக்கத்து, மூலையில் மழைத் தண்ணீர் தேங்கிய குழியும்தான் சொதசொதவென்று போயிருந்தன. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும், உப்பு ஆகாது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் மரக்கப்பல் கட்டியவர்கள் வங்குகளுக்கு நடுவே உப்பை அடைத்தே வைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். உப்புக்கு நமக்கு வேதாரண்யம் பக்கத்தில்தான். இப்போது மழைக்காலம் தொடங்கும்போது அணியத்து மூலையில் இரண்டு படி கல்லுப்பு போடுகிறேன். ஊறுகாய் போடுவதாக வீட்டில் கேலி.

கடலுக்குள் வேறோர் எதிரி இருக்கிறது: கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது குண்டூசி நுனி அளவு துளையில் நுழையும். உள்ளே போய் மரத்தைத் தின்று கொழுத்து, விரல் தடிமனுக்குச் சுரங்கம் போடும். வெளியே பார்த்தால் பலகை முழுசாகவே இருக்கும். தலையில் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால் அரம்போல ராவித்தான் அது முன்னேறுகிறது. பின்னால் சுரங்கச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகிறது. மார்க் புருனேல் என்ற பொறியாளர் இதைப் பார்த்துத்தான் சுரங்கம் தோண்டும் கவசத்தை வடிவமைத்து 1818-இல் காப்புரிமை வாங்கினார். லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 1843-இல் திறந்த சுரங்கப்பாதை அந்த முறையில் தோண்டியது. ஓடாவியிடம் இதைச் சொன்னேன். "அந்த வெள்ளக்காரரு படகு வச்சிருக்கல போல" என்றார். வைத்திருந்தால் புழுவைப் பார்த்துப் பாடம் படிக்கத் தோன்றியிருக்காது என்பது அவர் கட்சி.

புழுவுக்கு மருந்து, முந்திரிக்கொட்டை எண்ணெய். கொட்டையின் ஓட்டிலிருந்து எடுப்பது. கறுப்பாக, கெட்டியாக இருக்கும். மீன் எண்ணெயும் பூசுவார்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும் என்று எனக்குத் தெரியும், அதன் அமிலத்தின் பெயர்கூடத் தெரியும். இருந்தும் கையுறை போடாமல் பூசினேன். இரண்டு வாரம் சோறு பிசைய முடியவில்லை, ஸ்பூன்தான்.

மரம் தேடிய கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். மூன்று பலகையும் ஐந்து வங்கும் மாற்ற வேண்டியிருந்தது. வங்குக்கு நேர்மரத்தை வாங்கி வளைவாக அறுத்துவிடலாம் என்று நினைத்தேன். அறுத்தால் நார் வெட்டுப்பட்டு, வளைவில் முறியும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேட வேண்டும். நார் வளைவோடு வளைந்து ஓட வேண்டும். நாட்டுக் கருவேலம், பூவரசு, வேம்பு. அதற்குப் பிறகு மரங்களை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே, "அதோ ஒரு வங்கு" என்று விரல் நீட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து உட்காருவார். ஓடாவியிடம் வரைபடம் கிடையாது. பழைய வங்கின் மேல் ஒரு மூங்கில் பிளாச்சை வைத்து வளைத்து, அந்த வளைவை மனதில் வாங்கிக்கொண்டு கிளையின் மேல் வாச்சியைப் போடுவார். மங்கலான கண்ணால் பார்த்தாரோ, கையால் பார்த்தாரோ! மூன்றாவது முறை வைத்துப் பார்க்கும்போது இடையில் ஒரு தாள் நுழையாது.

பலகை வளைப்பதைத்தான் உங்களுக்கு நேரில் காட்ட ஆசை. தேங்காய் மட்டையைக் குழியில் போட்டு மூட்டி, கனல் தணிந்த பிறகு பலகையை மேலே குறுக்காக வைக்க வேண்டும். ஒரு முனையில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும். மேல்பக்கம் ஈரச்சாக்கு. நெருப்பு பட்ட பக்கம் கருகாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதிகம் தெளித்தால் சூடு ஏறாது. அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காது. நான் இன்னொரு கல்லைக் கட்டலாமா என்று கேட்டேன். ஓடாவி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அதுக்கே அலுக்கணும் சார்" என்றார். கொஞ்ச நேரத்தில் பலகைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. கல் ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு இன்னொரு விரற்கடை. அவசரப்பட்டு நான் வளைத்த முதல் பலகை நடுவில் பட்டென்று விரிந்தது. அது இப்போது எங்கள் வீட்டுக் குளியலறையில் அலமாரி.

அடுத்தது கலப்பற்று. பேச்சில் கலப்பத்து என்போம். பொருத்துக்குள் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கும் வேலை. அரபியில் கல்ஃபத, போர்த்துகீசியத்தில் கலஃபெட்டார் என்று இதற்குச் சொல். எல்லாம் ஒரு குடும்பம். கடல் கடந்து வந்த கப்பலெல்லாம் கசிந்திருக்கிறது, வந்த இடத்தில் அடைக்க ஆள் தேடியிருக்கிறார்கள், சொல் ஒட்டிக்கொண்டது. திரியை எண்ணெயில் நனைத்து, சின்னச் சின்ன மடிப்பாகப் பொருத்தில் வைத்து, உளி வைத்துக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். முதலில் தட்டும்போது 'தொப்பு தொப்பு' என்று சத்தம் வரும். திரி இறுக இறுகச் சத்தம் மாறும். ஓரளவில் 'டங்' என்று மரம் பேசும், அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி அடித்தால் திரி உள்பக்கம் பிதுங்கும். ஓடாவி கொல்லையின் அந்தக் கோடியில் காபி குடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "போதும், போதும், அடுத்தது" என்பார். காதிலேயே அளவு.

திரிக்கு மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றுவது. பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட வேண்டும். எடுத்து மடக்கும்போது ஒடிந்தால் எண்ணெய் போதவில்லை, விரலில் ஒட்டினால் குங்கிலியம் போதவில்லை. அதிரசப் பாகு மாதிரிதான், என் மனைவி முதல் முறையிலேயே சரியாகச் சொன்னார். நான் ஒருநாள் அடுப்பைக் கொஞ்சம் கூட்டிவைத்து, சட்டி தீப்பிடித்து, முருங்கை மரத்தின் பாதி கருகியது. தெருவே ஓடிவந்தது. வாசனை மட்டும் மூன்று நாள் கோயில் மாதிரி இருந்தது.

இதெல்லாம் எதற்கு, மேலே ஃபைபர் துணியை ரெசினில் ஒட்டி மூடிவிட்டால் போகாதா என்று கேட்கலாம். என் மருமகனும் கேட்டார், அவர் பொறியாளர். புதிதாக, காய்ந்த ப்ளைவுட்டில் கட்டிய படகுக்கு அது நல்ல வழி. பழைய பலகைப் படகுக்குச் செய்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். பலகை அசையும், ஃபைபர் அசையாது, எங்கோ ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும், அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து உட்காரும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். மறுபடியும் என் மக்குக் கதைதான், கொஞ்சம் விலை கூடுதல்.

அதற்காக மீனவர்கள் ஃபைபருக்குப் போனதை நான் குறை சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கரை நெடுக ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. மீனவர்கள் பிடித்துக்கொண்டார்கள். லேசு, புழு அரிக்காது, வருஷம் ஒருமுறை கலப்பற்று அடிக்க வேண்டாம், இன்ஜினை மாட்டினால் கிளம்பிவிடலாம். பிழைப்புக்குப் போகிறவருக்கு அதுதான் சரி. மரம் என்ன விலை, ஓடாவி எங்கே கிடைப்பார்? ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து சுரண்டுகிறவன் அவர்களுக்கு மரத்தின் பெருமையைப் பற்றிப் பாடம் எடுத்தால், துடுப்பால் அடிக்கலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். உடைந்த ஃபைபர் படகுகள் நம் கரையில் கிடக்கின்றன, பார்த்திருப்பீர்கள். விறகு விலைக்குக்கூட அவற்றை யாரும் கேட்பதில்லை.

உங்களில் யாருக்காவது இந்தப் பைத்தியம் பிடித்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான காலத்துக்குக் காத்திருங்கள். விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போய்வரும், பெரிய படகுகள் கரையேறி நிற்கும். துறைமுகமே பட்டறையாகிவிடும். பலகை மாற்றுவதும், கலப்பற்று அடிப்பதும், வர்ணம் பூசுவதும் வரிசையாக நடக்கும். டீ வாங்கிக் கொடுத்தால் யாரும் சொல்லித்தர மறுப்பதில்லை. நான் படகைக் கொண்டுவந்தது ஒரு ஏப்ரல் மாதம்தான். அங்கே போய்ப் பார்ப்பதற்குப் பதில் வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்த்தேன்.

இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆனது. டிராக்டரில் ஏற்றி உப்பங்கழிக்குக் கொண்டுபோனோம். இடித்துக் கட்டிய மதிலை மறுபடி இடித்தோம். தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, தண்ணீரில் தள்ளினோம். தள்ளிய பத்தாவது நிமிஷம் எல்லாப் பொருத்திலும் ஊற்று. ஒரு மணி நேரத்தில் உட்காரும் பலகை வரைக்கும் தண்ணீர். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ஓடாவி வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி, விளிம்பைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமுக்கி, படகை முழுக்கவே மூழ்கவிட்டார். கயிற்றை முளையில் கட்டினார். "தாகம், சார். குடிக்கட்டும்" என்றார். "எத்தன நாள்?" என்று கேட்டேன். "அது போதும்னு சொல்ற வரைக்கும். ரொம்ப விட்டுறாதீங்க, புழு மோப்பம் புடிச்சிரும்."

தினமும் காலையில் போய் இறைத்துப் பார்ப்பேன். இரண்டாம் நாள் இறைத்து முடிப்பதற்குள் அதே அளவு ஏறியது. மூன்றாம் நாள் இறைத்துவிட்டு ஒரு டீ குடித்து வரும் நேரம் தாங்கியது. நாலாம் நாள் மழை, போகவில்லை. ஐந்தாம் நாள் போனபோது அடிவயிற்றில் கணுக்காலளவுதான் இருந்தது. அதையும் இறைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வங்குக்குப் பக்கத்தில் மட்டும், பத்து ரூபாய் நாணயம் விழுந்த அதே பொருத்தில், வியர்வைமாதிரி ஒரு கசிவு. அடைக்கலாமா என்று ஓடாவியிடம் கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

மனோரா பக்கம் உப்பங்கழியில்தான் கட்டியிருக்கிறது. வர விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்னால் வாருங்கள், வெயில் ஏறினால் நான் வெளியே எடுப்பதில்லை. ஒரு தடவைக்கு நாலு பேர். செருப்பைக் கரையில் விட்டுவிடுங்கள். ஆளுக்கொரு சொம்பு கொண்டுவாருங்கள், போகும்போது இறைக்க வேண்டியிருக்கும்.